புலிக்கும் உண்டு கொள்வினை கொடுப்பினை

தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலோ ஊருக்குப் போய் வருகிற நம்மவர்க்கு நாக்பூருக்கும் இட்டார்சிக்கும் இடைப்பட்ட மலைப்பகுதி நன்கு பழகிய ஒன்று. குகைப்பாதை வந்ததும் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். தேக்குக் காடுகள் சிறிது நேரம் கூடவே வரும். பிறகு சாப்பாட்டு மூட்டையைப் பிரிக்கும் நேரம் வந்துவிடும். அந்தத் தண்டவாளத்துக்குக் கிழக்கே இருப்பது சாத்புரா புலிகள் காப்பகம். தென்மேற்கே இருப்பது மேல்காட். ஒரு காட்டுப் புலி இன்னொரு காட்டுக்குப் போக வேண்டுமானால் நம் வண்டி ஓடும் பாதையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டுகிறதா, தாண்டவில்லையா என்பதைப் புலியைக் கண்ணால் பார்க்காமலே, அதன் எச்சத்தில் உள்ள மரபணுவைக் கொண்டு சொல்லிவிடுகிறார்கள். எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

இந்தத் துறைக்கு நிலத்தோற்ற மரபியல் என்று பெயர் சொல்லலாம். 2003இல் ஸ்டெஃபனி மனேல் என்ற அம்மையாரும் அவருடைய மூன்று சகாக்களும் எழுதிய கட்டுரையில்தான் இப்பெயர் நிலைபெற்றது. உயிரியல் முதுகலை படிக்கும் நம் பிள்ளைகளின் பாடத்தில் இது வந்துவிட்டது. பாடப் புத்தகத்தைத் திறந்தாலோ முதல் பக்கத்திலேயே ‘ஸ்பேஷியல் ஆட்டோகோரிலேஷன்’ என்று பயமுறுத்துகிறார்கள். தமிழில் இடஞ்சார்ந்த தன்னொட்டுறவு என்பர். தமிழ்ப் பெயரும் அதே அளவுக்குப் பயமுறுத்துகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விஷயம் என்னவோ எளியதுதான்.

பக்கத்தில் இருப்பவை ஒன்றுபோல் இருக்கின்றனவா என்பதே கேள்வி. மும்பை மாதுங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அங்கே ஒரு வீட்டில் காப்பிப் பொடி அரைக்கும் மணம் வந்தால் அடுத்த வீட்டிலும் வரும். ஒரு வீட்டைப் பார்த்து அடுத்த வீட்டைப் பற்றி ஊகித்துவிடலாம். இது நேர்மறை ஒட்டுறவு. டில்லியில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளில் அப்படி இல்லை. வரிசைப்படி எவருக்கு எந்த வீடு கிடைக்கிறதோ அதுதான். தஞ்சாவூர்க்காரருக்கு இடப்புறம் பஞ்சாபியும் வலப்புறம் வங்காளியும் இருப்பார்கள். ஒரு வீட்டைப் பார்த்து அடுத்ததைச் சொல்ல முடியாது. ஒட்டுறவு ஏறக்குறைய பூஜ்யம். மூன்றாவது வகையைத் தேர்வு அறையில் பார்க்கலாம். அருகருகே உட்காரும் மாணவர்களுக்கு வேண்டுமென்றே வெவ்வேறு வினாத்தாள் கொடுப்பார்கள். பக்கத்தில் இருப்பது தன்னுடையது அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். அது எதிர்மறை ஒட்டுறவு.

இதை எண்ணால் அளக்கும் வழியை மொரான் என்ற ஆஸ்திரேலியப் புள்ளியியலாளர் 1950இல் வகுத்தார். சூத்திரத்தைக் கண்டு மிரள வேண்டாம். வீட்டில் புளியங்கொட்டையும் சோழியும் இருந்தால் போதும். தரையில் சாக்பீஸால் நான்குக்கு நான்கு, பதினாறு கட்டம் போடுங்கள். எட்டில் புளியங்கொட்டை, எட்டில் சோழி. மேலும் கீழும், இடமும் வலமும் ஒட்டியிருக்கும் கட்டங்களை ஒரு ஜோடி என்று கொண்டால் மொத்தம் 24 ஜோடிகள் வரும். பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். ஒரே வகைக் காய் உள்ள ஜோடிகள் எத்தனை, மாறுபட்டவை எத்தனை என்று எண்ணி, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து 24ஆல் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இடது பாதி முழுவதும் புளியங்கொட்டை, வலது பாதி முழுவதும் சோழி என்று வைத்தால் ஒத்த ஜோடி 20, ஒவ்வாத ஜோடி 4. கழித்தால் 16, வகுத்தால் 0.67. சதுரங்கப் பலகைபோல் மாற்றி மாற்றி வைத்தால் ஒத்தது ஒன்றுகூட இல்லை, விடை −1. கண்ணை மூடிக்கொண்டு கலந்து வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை வரும். பலமுறை செய்து சராசரி எடுத்தால் −0.07 அளவில் நிற்கும். சரியாகப் பூஜ்யம் ஏன் வரவில்லை என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். ஒரு புளியங்கொட்டையை எடுத்துக்கொண்டால் மீதி 15 காய்களில் அதன் இனம் 7, வேற்றினம் 8. அந்த ஒரு காய் வித்தியாசம்தான் சிறு கழித்தல் குறியாக வந்து நிற்கிறது. கட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் அதுவும் மறைந்துவிடும்.

இப்போது ஆட்டத்தைத் தொடர்வோம். கலந்து வைத்த பலகையில் தொடங்குங்கள். கட்டங்களுக்கு 1 முதல் 16 வரை எண் கொடுத்துச் சீட்டுக் குலுக்கி ஒரு கட்டத்தை எடுங்கள். அதன் அண்டைக் கட்டங்களில் ஒன்றையும் குலுக்கி எடுங்கள். முதல் கட்டத்தில் உள்ள காயை எடுத்துவிட்டு, அண்டைக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதே வகைக் காயை வையுங்கள். ஒரு தாய் இறந்து பக்கத்து வீட்டுக் குட்டி அந்த இடத்தைப் பிடித்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஐம்பது அறுபது முறை இப்படிச் செய்தால், யாரும் திட்டம் போடாமலே, புளியங்கொட்டைகள் ஒரு பக்கமும் சோழிகள் ஒரு பக்கமுமாகத் திட்டுத் திட்டாகச் சேர்ந்திருக்கும். (எட்டுக்கு எட்டு என்ற விகிதம் மாறிய பின் மேற்சொன்ன சுருக்குக் கணக்கு துல்லியமாகப் பொருந்தாது. கண்ணுக்குத் திட்டுத் தெரிந்தால் போதும்.) அடுத்து, அண்டைக் கட்டம் என்ற விதியை எடுத்துவிட்டு, பதினாறில் எந்தக் கட்டத்திலிருந்தும் காய் வரலாம் என்று ஆடிப் பாருங்கள். திட்டு உருவாகாது.

கொடுக்கல் வாங்கல் பக்கத்திலேயே நடந்தால் ஒட்டுறவு கூடுகிறது. எங்கும் நடந்தால் குறைகிறது. நம் முன்னோர் பெண் கொடுத்ததும் எடுத்ததும் மாட்டுவண்டி ஒரு நாளில் போய்ச் சேரும் தூரத்தில்தான். அதனால்தான் அடுத்தடுத்த ஊர்களில் முகச்சாயல்கூட ஒன்றுபோல் இருக்கும். இந்தக் கொள்வினை கொடுப்பினைக்கு உயிரியலில் மரபணு ஓட்டம் என்று பெயர். தூரம் கூடக்கூட மரபணு வேறுபாடும் கூடும் என்பதை 1943இல் கணக்குப் போட்டுக் காட்டியவர் அமெரிக்க மரபியலாளர் சீவால் ரைட்.

இன்னொரு ஆட்டமும் உண்டு. பலகையின் நடுவே ஒரு கோல் வைத்து, அதைத் தாண்டிக் காய் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். விடாமல் ஆடினால் ஒரு நாள் இடது பாதி முழுவதும் ஒரே வகைக் காயாகிவிடும். வலது பாதியும் அப்படியே. எது எங்கே மிஞ்சும் என்பது குலுக்கலின் விருப்பம். நல்ல காய்தான் மிஞ்சும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சிறிய கூட்டம் தனித்து விடப்பட்டால் வகைகள் இப்படித்தான் ஒவ்வொன்றாகத் தொலையும். பதினாறு முறை ஆடினால் ஒரு தலைமுறை என்று வைத்து, தலைமுறைக்கு ஒரே ஒரு முறை கோலைத் தாண்டலாம் என்று அனுமதித்துப் பாருங்கள். அந்த ஒரு வரவு, தொலைந்த வகையைத் திரும்பக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். தலைமுறைக்கு ஒரு புதியவர் வந்தால் இரு கூட்டங்களும் முற்றிலும் பிரிந்துபோவதைத் தடுக்கும் என்ற பழைய விதி ரைட்டின் கணக்கிலிருந்து பிறந்ததே. பின்னால் வந்தவர்கள், காட்டில் ஒன்று போதாது, பத்து வரையிலும் வேண்டியிருக்கும் என்றார்கள்.

இனிப் புலிகளிடம் வருவோம். காட்டுப் பாதைகளில் கிடக்கும் புலியின் எச்சத்தைச் சேகரிக்கிறார்கள். அதில் குடலின் உட்புறத்திலிருந்து உதிர்ந்த செல்கள் ஒட்டியிருக்கும். அவற்றின் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட சில இடங்களைப் படித்தால் இது எந்தப் புலி, ஆணா பெண்ணா, யாருக்கு உறவு என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. மத்தியப் பிரதேசத்துப் பெஞ்ச் காட்டில் இவ்வாறு செய்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்று, பெண்புலிகள் தாயின் எல்லையை ஒட்டியே குடியேறுகின்றன, ஆண்புலிகள்தான் தூரம் போகின்றன என்று காட்டியது. நம் வீடுகளில் பெண் புகுந்த வீட்டுக்குப் போகிறாள். புலி வீட்டில் பையன்தான் வெளியே போக வேண்டும். ஆகவே அருகருகே உள்ள பெண்புலிகளிடையே ஒட்டுறவு அதிகம் தெரியும். மரபணுவைத் தூரத்துக்குச் சுமந்து செல்வது பெரும்பாலும் இளம் ஆண்புலி.

அதே 2013இல் சாத்புரா, மேல்காட், பெஞ்ச், கன்ஹா ஆகிய நான்கு காடுகளையும் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. சுமார் 45,000 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பு. 273 புலிகளின் மரபணு. இந்தப் பகுதியில் புலிகள் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பரவின. 1,000 ஆண்டுகளுக்கு முன் கூட்டங்கள் பிரியத் தொடங்கின. 200 ஆண்டுகளுக்கு முன் பிரிவு வேகம் பிடித்தது என்பது அதன் முடிவு. காடு துண்டாடப்பட்டதே காரணம். ஆயினும் நான்கு கூட்டங்களுக்கும் இடையே போக்குவரத்து இன்னும் அறுந்துவிடவில்லை. காட்டு வழித்தடம் இருக்கும் ஜோடிகளுக்கு இடையில் மரபணு ஓட்டம் மிக அதிகமாக இருந்தது. வரைபடத்தில் அவை வெறும் பச்சைக் கீற்றுகள். புலிகள் உண்மையிலேயே அவற்றைப் பயன்படுத்தியிருக்கின்றன என்பதற்கு அந்த எச்சங்களே சாட்சி.

தூரம் என்று சொன்னோமே, அது எந்தத் தூரம்? வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளப்பது நமக்குத் தூரம். புலிக்கு அப்படி இல்லை. ஐம்பது கிலோமீட்டர் காடு ஒரே இரவுகளில் கடக்கும் பக்கத்து வீடு. ஐந்து கிலோமீட்டர் நகரமோ கடல்போல் விரிந்து கிடக்கும். இதைக் கணக்கில் கொண்டுவரப் பிராட் மக்ரே என்பவர் 2006இல் ஓர் அழகான வழி சொன்னார். முதலில் மின்பொறியியல் படித்துப் பிறகு சூழலியலுக்கு வந்தவர் அவர். நிலப்பரப்பையே ஒரு மின்சுற்றாகப் பாருங்கள் என்றார். காட்டுக் கட்டத்துக்குக் குறைந்த மின்தடை, வயலுக்குச் சற்று அதிகம், நகரத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் மிக அதிகம். ஒரு காப்பகத்தில் மின்சாரத்தைச் செலுத்தினால் அடுத்த காப்பகத்துக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்த்தால் மரபணு எவ்வளவு வந்து சேரும் என்பது ஊகமாகும்.

பத்தாம் வகுப்பு இயற்பியல் நினைவிருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும். இரண்டு மின்தடைகளைப் பக்க இணைப்பில் வைத்தால் மொத்தத் தடை குறைகிறது. இரண்டு காடுகளுக்கு நடுவே ஒரு வழித்தடம் இருப்பதைவிட இரண்டு இருப்பது மேல்; ஒன்று அடைபட்டால் மற்றொன்று தாங்கும். இருப்பதே ஒரு கழுத்து என்றால் அந்த இடத்தில் ஒரு சுரங்கமோ ஆறுவழிச் சாலையோ வந்தால் சுற்றே அறுந்துவிடும். எங்கே கை வைக்கக் கூடாது என்பதை இந்தக் கணக்கு புள்ளி குறித்துக் காட்டிவிடுகிறது. அதிகாரிகளிடம் வழக்காடுபவர்களுக்கு இது பெரிய ஆயுதம்.

ஆனால் ஒட்டுறவு என்பது ஆய்வாளர்களை ஏமாற்றவும் செய்யும். மாதுங்காவில் ஒரே தெருவில் நூறு வீடுகளில் விசாரித்துவிட்டு மும்பைவாசிகள் காலையில் இட்லி சாப்பிடுகிறார்கள் என்று எழுதினால் எப்படி இருக்கும்? நூறு பதில் கிடைத்தது உண்மை. நூறு சாட்சி கிடைக்கவில்லை. ஒரே தாயின் நான்கு குட்டிகளையும் தனித்தனிச் சான்றாக எண்ணும் ஆய்வும் இப்படித்தான். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி நோக்கி வர வரப் பனிப்பொழிவு குறைகிறது, தேங்காய்ச் சமையல் கூடுகிறது. அதனால் பனிதான் தேங்காயை விரட்டியது என்று சொல்ல முடியுமா? இடத்தோடு மெல்ல மாறும் எந்த இரண்டை எடுத்தாலும் அவற்றுக்குள் உறவு இருப்பதுபோல் தோன்றும். மரபணு வேறுபாட்டுக்குச் சாலைதான் காரணம் என்று சொல்லுமுன், வெறும் தூரமே அதைச் செய்திருக்கக் கூடுமா என்று பார்த்துக் கழித்துவிட வேண்டும். இந்தப் பாடத்தைக் கற்பிப்பதில் கடினமான பகுதி இதுதான். சூத்திரத்தை ஒரு வகுப்பில் சொல்லிவிடலாம். சந்தேகப்படக் கற்றுக்கொடுக்க ஒரு பருவம் பிடிக்கும்.

இன்னொரு சங்கடம் காலம் பற்றியது. இன்று பொறுக்கும் எச்சத்தில் எழுதியிருப்பது பல தலைமுறைக்கு முந்தைய கதையும் சேர்த்துத்தான். இந்த ஆண்டு ஒரு வழித்தடத்தை அடைத்தால் அதன் பலன் இந்த ஆண்டு மரபணுவில் தெரியாது. புலிக்குச் சில தலைமுறைகள் கழிந்த பிறகுதான் எண்களில் வரும். மரபணுவில் பாதிப்பு ஏதும் தெரியவில்லையே, சாலை போடலாம் என்று வாதிப்பவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

நடமாட்டமெல்லாம் மரபணு ஓட்டம் ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தின் திப்பேஷ்வரில் பிறந்து, 2019இல் கழுத்தில் ரேடியோ பட்டையுடன் கிளம்பிய ஓர் இளம் ஆண்புலி 3,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்தது. வயல், சாலை, ஊர் எல்லாம் கடந்து புல்டாணா மாவட்டத்து ஞானகங்கா சரணாலயத்தில் போய்த் தங்கியது. செய்தித்தாள்கள் அதற்கு ‘வாக்கர்’ என்று பெயர் வைத்துக் கொண்டாடின. ஆனால் அந்தச் சரணாலயத்தில் பெண்புலியே இல்லை. எவ்வளவு நடந்தும் குடும்பம் அமையாவிட்டால் மரபணுக் கணக்கில் அது பூஜ்யம்.

2022 கணக்கெடுப்பில் இந்தியாவின் புலிகள் சுமார் 3,682 என்று மதிப்பிட்டார்கள். 2006இல் இந்த எண் 1,411. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் மொத்த எண்ணிக்கை கூடுவதும் கூட்டங்கள் இணைந்திருப்பதும் இரு வேறு விஷயங்கள். ராஜஸ்தானத்து ரந்தம்போர் புலிகள் மற்றக் கூட்டங்களிலிருந்து துண்டிக்கப்பட்டு நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்து வருவதை 2021இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு எடுத்துக்காட்டியது. எண்ணிக்கை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படாது.

வழித்தடத்தைக் காப்பாற்றுவது முடியாத காரியமும் அல்ல. நாக்பூரிலிருந்து சிவனி வழியாகப் போகும் 44ஆம் எண் நெடுஞ்சாலை பெஞ்ச் காட்டை ஒட்டிச் செல்கிறது. அதை நான்குவழியாக்கும்போது நீதிமன்றம் வரை வழக்குப் போயிற்று. முடிவில் விலங்குகள் அடியில் கடந்து செல்ல ஒன்பது இடங்களில் பாலங்கள் கட்டினார்கள். அவற்றில் மிக நீளமானது 750 மீட்டர். 2019இல் கேமரா வைத்துப் பார்த்தபோது 18 வகைக் காட்டு விலங்குகள் அவற்றைப் பயன்படுத்தியது தெரிந்தது. புலியும் அவற்றில் ஒன்று. செலவு அதிகம் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. மேலே நாம் காரில் போகிறோம், கீழே புலி போகிறது. எனக்கு இது நியாயமான செலவாகவே படுகிறது.

நம்மில் பாலக்காட்டுக் குடும்பங்கள் பல. அவர்களுக்கு ஒரு செய்தி: மேற்குத் தொடர்ச்சி மலையை அறுத்துக்கொண்டு சுமார் 40 கிலோமீட்டர் அகலத்துக்குக் கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய், யானைகளுக்கும் ஓர் எல்லை. கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பக்கத்து யானைகளும் தெற்கே ஆனைமலைப் பக்கத்து யானைகளும் மரபணுவில் வேறுபட்டிருப்பதை 2005இல் வெளியிட்டார்கள். நமக்குக் கோவையிலிருந்து காற்று வாங்கிக்கொண்டு ஒரு மணி நேர ரயில் பயணம்.

கொடுக்கல் வாங்கல் நின்றால் என்ன ஆகும் என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் உதாரணம் ஒடிசாவின் சிமிலிபால். அங்குள்ள புலிகள் சிலவற்றுக்கு உடலில் கருங்கோடுகள் அகன்று ஒன்றோடொன்று சேர்ந்து, புலியே கறுப்பாகத் தெரியும். ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றம்தான் காரணம் என்று 2021இல் கண்டுபிடித்தார்கள். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் அந்த மாற்றம் வந்து சேர்ந்தால்தான் குட்டி கறுப்பாகும். இந்தியாவின் மற்றக் காட்டுப் புலிகளிடம் அந்த மாற்றத்தைக் காணவில்லை. காட்டுக்கு வெளியே, புவனேசுவரத்து நந்தன்கானனிலும் நம் சென்னை வண்டலூர்ப் பூங்காவிலும் சிமிலிபால் வழிவந்த சிலவற்றிடம் இருக்கிறது. கறுப்புப் புலியைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. நாம் கோல் வைத்து ஆடிய ஆட்டத்தில் ஒரு பாதி முழுவதும் ஒரே காயாக மாறத் தொடங்கிய நிலைதான் அது என்பது பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

அந்தக் கோலைக் கையால் தூக்க முயன்றார்கள். 2024இன் இறுதியில் மகாராஷ்டிரத்தின் தாடோபாவிலிருந்து யமுனா, ஜீனத் என்ற இரண்டு பெண்புலிகளைச் சிமிலிபாலுக்குக் கொண்டுவந்தார்கள். புது இரத்தம் சேரட்டும் என்பது எண்ணம். ஜீனத்துக்குப் புகுந்த வீடு பிடிக்கவில்லை. டிசம்பரில் கிளம்பி ஜார்க்கண்டுக்குள் போனாள். அங்கிருந்து மேற்கு வங்கத்துக்குள் ஜார்கிராம், புருலியா என்று சுற்றினாள். எருமைக்கன்று கட்டிப் பார்த்தார்கள், கூண்டு வைத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. டிசம்பர் 29ஆம் தேதி பாங்குரா மாவட்டத்தில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கொல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சிசாலையில் வைத்துப் பார்த்துவிட்டு, புத்தாண்டை ஒட்டிச் சிமிலிபாலுக்கே திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். பல ஆண்டுகளாகப் புலி இல்லை என்றிருந்த காடுகள் வழியாக அவள் மூன்று மாநிலங்களைக் கடந்த அந்தப் பாதை, கழுத்துப் பட்டையின் தயவால் அடி அடியாகப் பதிவாகியிருக்கிறது.